கிராஃப்ட் பியர்: ருசித்துப் பழக விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

பல ஆண்டுகளாகப் பலவகைப் பியர்களை ருசித்துக் குறிப்பெழுதி வருகிறேன். புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சட்டப்படி மது அருந்தும் வயதை எட்டியவர்களுக்கு மட்டுமே இது.

எனக்குப் பியரே பிடிக்காது. இதில் எனக்கு என்ன இருக்கிறது?

எந்தப் பியரைக் குடித்துவிட்டு இப்படிச் சொல்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பதில் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: வெளிர்மஞ்சள் நிறம், பளிங்குபோலத் தெளிவு, பல் கூசும் குளிர். அது லாகர் என்ற, குளிரில் நிதானமாக நொதிக்கும் பியர் குடும்பத்தின் ஒரு கிளை. 1842இல் பொஹீமியாவின் (இன்றைய செக் குடியரசு) பில்சன் நகரில் ஜோசப் குரோல் என்ற பவேரிய வடிப்பாளர் வடித்த பொன்னிறப் பியர்தான் அதன் மூதாதை. அந்தப் பில்ஸ்னர் உலகையே பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் பெரிய ஆலைகள் அதன் கசப்பையும் மணத்தையும் குறைத்துக்கொண்டே வந்தன. உங்களுக்குப் பிடிக்காமல் போனது அந்தக் குறைத்த வடிவமாக இருக்கலாம்.

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் விறகுப் புகையில் உலர்த்திய மால்ட்டிலிருந்து, அதாவது முளைவிட்ட பார்லியிலிருந்து, வரும் ரவுக்பியர் இருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் அணைந்த அடுப்பின் வாசம் வரும். கோஸ் என்ற வகையில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்கின்றன. பிரஸ்ஸல்ஸைச் சுற்றி வடிக்கும் லாம்பிக் நன்றாகப் புளிக்கும். ஒரே ஒரு பியரை வைத்து இவை அத்தனையையும் ஒதுக்கிவிட வேண்டாம். எல்லாவற்றையும் ருசித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், அதில் எந்தத் தவறும் இல்லை.

கிராஃப்ட் பியர் என்று எதைச் சொல்கிறார்கள்?

சட்டம்போல எல்லா நாட்டுக்கும் பொதுவான வரையறை கிடையாது. அமெரிக்க வடிப்பாளர் சங்கம் தன் நாட்டுக்கென ஒன்றை வைத்திருக்கிறது: ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பேரலுக்குள் இருக்க வேண்டும், கிராஃப்ட் வடிப்பாளர் அல்லாத மதுத்தொழில் நிறுவனத்தின் கையில் கால்பங்கு உரிமை இருக்கக்கூடாது. அந்த ஊர்ப் பேரல் ஒன்று ஏறக்குறைய 117 லிட்டர். கணக்குப் போட்டால் 70 கோடி லிட்டர் வரை வடிப்பவரும் கிராஃப்ட்தான்!

அளவைவிட வரலாறு இதை நன்றாக விளக்கும். 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் என்ற இளைஞர், மூடப்போகும் நிலையில் இருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையில் பெரும்பங்கை வாங்கி, பழைய முறைகளுக்கு உயிர் கொடுத்தார். 1971இல் பிரிட்டனில், பீப்பாயிலேயே முதிரும் ஏல் என்ற மரபுப் பியரைக் காப்பாற்ற நுகர்வோர் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். கேம்ரா என்று அதை அழைக்கிறார்கள். 1976இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் நியூ ஆல்பியன் என்ற சிற்றாலையைத் தொடங்கினார். ஆறே ஆண்டில் அது மூடப்பட்டாலும், அதைப் பார்த்துத் துணிந்தவர்கள் பலர். எல்லாப் பியரும் ஒரே சுவைக்குச் சுருங்கிக்கொண்டிருந்தபோது, வேறு சுவை வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். நான் கிராஃப்ட் என்று கொண்டாடுவது அந்தப் பிடிவாதத்தைத்தான். உரிமையாளர் யார் என்பதை நாக்கு கண்டுபிடிக்காது.

ஏல், லாகர்: என்ன வித்தியாசம்? நிறமா?

நிறம் இல்லை. ஈஸ்ட்தான் வித்தியாசம். ஏல் ஈஸ்ட் 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில் சுறுசுறுப்பாக நொதிக்கும், பழவாசனைகளைக் கொடுக்கும். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரி குளிரில் நிதானமாக வேலை செய்யும். அதன் பிறகு பியர் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடந்து தெளியும். லாகெர்ன் என்ற ஜெர்மன் சொல்லுக்குச் சேமித்து வைப்பது என்று பொருள்.

லாகர் ஈஸ்ட் இரண்டு இனங்கள் கலந்து பிறந்த ஒன்று. பெற்றோரில் ஒன்று ஏல் ஈஸ்ட், மற்றது எது என்பது நீண்டகாலம் புதிராக இருந்தது. அர்ஜென்டினாவின் படகோனியாக் காடுகளில், மரங்களில் வளரும் பூஞ்சைக் கட்டிகளில் அது கிடைத்ததாக 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

நிறத்தை வைத்து ஏமாற வேண்டாம். ஷ்வார்ஸ்பியர் கறுப்பாக இருக்கும், ஆனால் லாகர். பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே மடத்துத் துறவிகளின் டிரிப்பெல் பொன்னிறமாக இருக்கும், ஆனால் 9.5 சதவீத ஆல்கஹால் கொண்ட ஏல்.

இத்தனை சுவைகள் எங்கிருந்து வருகின்றன?

பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் உலர்த்தினால் மால்ட். லேசாக உலர்த்தினால் ரொட்டி வாசம் வரும். இன்னும் சூடேற்றினால் பிஸ்கட், கேரமல். கருக வறுத்தால் காபி, சாக்லேட். 1817இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர், மால்ட்டை எரிக்காமல் கறுப்பாக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய போர்ட்டர், ஸ்டவுட் வகைகளின் கருமைக்கு அதுவே ஆரம்பம்.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூக்கதிர். கஞ்சாவும் அதே தாவரக் குடும்பம்தான், ஆனால் ஹாப்ஸில் அந்தப் போதை இல்லை. கொதிக்கும் மால்ட் சாற்றில் நெடுநேரம் போட்டால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும், வாசனை ஆவியாகிவிடும். கடைசியில் போட்டாலோ, நொதித்த பிறகு குளிர்ந்த பியரில் ஊறவைத்தாலோ வாசனை தங்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. ஒரே பூவிலிருந்து கசப்பையும் நறுமணத்தையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஈஸ்ட்டின் பங்கைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பவேரியக் கோதுமைப் பியரான ஹெஃபெவைட்சனில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் அதில் போடவில்லை. ஐசோஅமைல் அசிட்டேட், வைனைல் குவாயகால் என்ற இரு சேர்மங்களை உண்டாக்கி அந்த மணங்களைத் தருவது ஈஸ்ட்.

தண்ணீரும் சாதாரணமானதல்ல. பில்சனின் தண்ணீர் மிக மென்மையானது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் ஜிப்சம் நிறைந்த கடினநீர், அது ஹாப்ஸின் கசப்பைக் கூராக்கிக் காட்டும். இன்று உப்புகளைச் சேர்த்து எந்த ஊர்த் தண்ணீரையும் உருவாக்கிக்கொள்ளலாம். அன்று அந்தந்த ஊர்ப் பியர் அந்தந்த ஊர்க் கிணற்றுக்குக் கட்டுப்பட்டிருந்தது.

எந்த வகையிலிருந்து தொடங்குவது?

ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

தனியாகக் குடிக்கும் பியரைப் பற்றி நாக்கு சொல்வது இரண்டே தீர்ப்பு: நன்றாக இருக்கிறது, இல்லை. பக்கத்தில் இன்னொன்றை வைத்துவிட்டால் அதே நாக்கு பேசத் தொடங்கும். இது அதைவிட உலர்வாக, அதாவது இனிப்புக் குறைவாக இருக்கிறது, அதன் கசப்பு இதைவிடச் சீக்கிரம் மறைகிறது என்று தானாகவே சொல்லும். நான் மூன்று ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் குடித்துக் கற்றதைவிட, நெருங்கிய வகைகளை ஜோடியாக வைத்து மூன்று மாதத்தில் கற்றது அதிகம்.

முதல் ஜோடி: ஜெர்மன் பில்ஸ்னரும் கோல்ஷும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கோல்ஷ், கொலோன் நகரத்தின் பியர். ஏல் ஈஸ்ட்டில் நொதித்து, லாகர்போலக் குளிரில் முதிர்வது. 1986இல் அந்நகர வடிப்பாளர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை அந்தப் பெயருக்கு எல்லை வகுத்தது. 200 மில்லிலிட்டர் மெல்லிய கண்ணாடியில் பரிமாறுவார்கள். பில்ஸ்னரின் கசப்பு நிமிர்ந்து நிற்கும். கோல்ஷில் அது பின்வாங்கி, மெல்லிய பழவாசம் முன்னே வரும்.

இரண்டாவது: ஹெஃபெவைட்சனும் பெல்ஜிய விட்பியரும். இரண்டும் கோதுமை, இரண்டும் கலங்கல். முன்னதில் வாசனை ஈஸ்ட்டிலிருந்து வருகிறது, பின்னதில் பெரும்பாலும் கொத்தமல்லி விதையிலிருந்தும் ஆரஞ்சுத் தோலிலிருந்தும். விட்பியர் ஹூகார்டன் ஊரில் வழக்கொழிந்துபோன பிறகு, முன்பு பால் விற்றுவந்த பியேர் செலிஸ் என்பவர் 1966இல் அதை மீட்டெடுத்தார்.

மூன்றாவது: ஆங்கிலேய பிட்டரும் அமெரிக்க பேல் ஏலும். ஒரே குடும்பம்தான், ஹாப்ஸ் மட்டும் வேறு. ஆங்கிலேய கோல்டிங்ஸ், ஃபகிள் வகைகளில் மண்ணும் மூலிகையும் மணக்கும். 1972இல் வெளியான அமெரிக்காவின் கேஸ்கேட் ஹாப்ஸில் கிரேப்ஃப்ரூட் தோலும் பூவும். 1980இல் வடிக்கத் தொடங்கிய சியரா நெவாடா பேல் ஏல் அந்தக் கேஸ்கேடை உலகறியச் செய்தது.

நான்காவது ஜோடியாகப் போர்ட்டரையும் உலர் ஸ்டவுட்டையும் வையுங்கள். இதன் எல்லை மங்கலானது, வடிப்பாளர்களே சண்டையிடுவார்கள். அதனாலேயே நல்ல பயிற்சி.

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் (வெளிர் ஏல்), உண்மையிலேயே இந்தியாவுக்காகக் கண்டுபிடித்ததா?

கதை இப்படிப் பரவியிருக்கிறது: இந்தியாவுக்கு அனுப்பிய பியரெல்லாம் கப்பலிலேயே கெட்டுப்போக, லண்டன் பௌ ஆலையின் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் ஹாப்ஸையும் ஆல்கஹாலையும் கூட்டிப் புதுப் பியரைக் கண்டுபிடித்தார் என்று. இதில் பாதி உண்மை. ஹாட்ஜ்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியாகப் பியர் அனுப்பியது உண்மை. ஆனால் ஹாப்ஸ் மிகுந்த வெளிர் ஏல் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. கறுப்புப் போர்ட்டரும் அதே கப்பல்களில் நல்லபடியாகவே வந்து சேர்ந்தது. மாதக்கணக்கில் பீப்பாய் குலுங்கி, வெப்பமண்டலத்தைக் கடந்து வந்த வெளிர் ஏல் நன்றாக முதிர்ந்திருந்தது, வாங்கியவர்களுக்குப் பிடித்துப்போனது. பிறகு பர்ட்டன் ஊர் ஆலைகள் அந்தச் சந்தையைக் கைப்பற்றின. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை.

இன்றைய ஐபிஏக்களுக்கும் அந்தப் பழைய பியருக்கும் உறவு தூரமானது. அமெரிக்க மேற்குக்கரை ஐபிஏ தெளிவாக, உலர்வாக, பைன் பிசின் மணத்தோடு கசக்கும். வெர்மான்ட் பக்கத்திலிருந்து வந்த கலங்கல் ஐபிஏவில் ஓட்ஸும் கோதுமையும் சேர்ந்து வாயை நிறைக்கும். மாம்பழச்சாறுபோல மணக்கும், கசப்பு மட்டு. முதலாவது பிடிக்காதவருக்கு இரண்டாவது பிடிப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். என் மனம் மேற்குக்கரை பக்கம்தான்.

கறுப்பாக இருந்தால் போதை அதிகமா?

இல்லை. சிறிதளவு வறுத்த தானியமே மொத்தத்தையும் கறுப்பாக்கிவிடும். கறுப்பு ஸ்டவுட்டான கின்னஸ் டிராட் பல நாடுகளில் 4.2 சதவீதம்தான். மறுபுறம், 18ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்ய அரசி கேத்தரினின் அவைக்குப் போன வலுவான ஸ்டவுட்டின் வழிவந்த இம்பீரியல் ஸ்டவுட் 8 முதல் 12 சதவீதம் வரை போகும். நிறத்தைப் பார்க்காதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

புளிக்கும் பியர் கெட்டுப்போன பியர்தானே?

புளிக்கக் கூடாத பியர் புளித்தால் கெட்டுப்போனது. லாம்பிக் புளிக்காவிட்டால்தான் தவறு.

லாம்பிக்கில் ஈஸ்ட்டை யாரும் சேர்ப்பதில்லை. மால்ட்டோடு மால்ட் ஆக்காத கோதுமையும் சேர்த்துக் கொதிக்கவைத்த சாற்றை, ஆழமில்லாத அகன்ற தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். காற்றிலும் கட்டடத்திலும் மரப்பீப்பாயிலும் வாழும் நுண்ணுயிரிகள் அதில் குடியேறும். வெயில்காலத்தில் வேண்டாத கிருமிகள் பெருகும் என்பதால் குளிர்மாதங்களில் மட்டுமே இந்த வேலை. ஹாப்ஸ்கூடப் பழையதாக, கசப்பு இழந்ததாக வேண்டும். பிறகு பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு லாம்பிக்குகளைக் கலந்து, புட்டியில் மறுபடி நொதிக்கவிட்டால் குஸ். புளிப்புச் செர்ரிகளை ஊறவைத்தால் கிரீக்.

இதில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டுக்குப் பெரிய பங்கு. அதற்கு வினோதமான வரலாறு உண்டு. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் தூய ஈஸ்ட்டைத் தனித்துப் பிரித்துக் காட்ட, ஆலைகள் மற்ற ஈஸ்ட்டுகளை வெளியேற்றத் தொடங்கின. அதே கார்ல்ஸ்பெர்க்கின் கிளாசன்தான் 1904இல், ஆங்கிலேய முதிர்பியர்களின் தனிச்சுவைக்கு இந்தக் காட்டு ஈஸ்ட்டே காரணம் என்று அறிவித்தார். பெயரின் பொருளே பிரிட்டிஷ் பூஞ்சை. குதிரைலாயம், பழைய தோல், ஈர வைக்கோல் என்று இதன் மணத்தைச் சொல்வார்கள். முதல் முறை முகம் சுளிப்பீர்கள். நானும் சுளித்தேன். மூன்றாவது முறை அந்தக் கண்ணாடியை விட்டு மூக்கை எடுக்க மனம் வரவில்லை.

முறையாக எப்படி ருசிப்பது?

கண்ணாடியில் ஊற்றுங்கள். புட்டியிலிருந்தோ கேனிலிருந்தோ நேராகக் குடித்தால் மணம் மூக்குக்கு எட்டாது. சோப்பு மிச்சமோ எண்ணெய்ப்பசையோ நுரையைக் கொன்றுவிடும். உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கண்ணாடி சுத்தமில்லை என்று பொருள்.

குளிர் அளவாக இருக்கட்டும். இலகுவான லாகருக்கு 4 முதல் 7 டிகிரி, பேல் ஏல், ஐபிஏ வகைகளுக்கு 7 முதல் 10, இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு 12க்கும் மேல். உறைகுளிரில் நாக்கு மரத்துவிடும், மணமும் எழாது. வலுவான பியர் ஒன்றை அரைமணி நேரம் மேசையில் வைத்துச் சிறிது சிறிதாக ருசித்துப் பாருங்கள், முதல் வாயும் கடைசி வாயும் வேறுவேறு பியர்போல இருக்கும்.

ஊற்றியதும் முதலில் முகருங்கள், நுரை அடங்குவதற்குள். பிறகு சிறு வாய், நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான். கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்த பிறகே அடுத்த வாய். இலகுவானதிலிருந்து வலுவானதற்கு, கசப்புக் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். இரட்டை ஐபிஏவுக்குப் பிறகு ஊற்றிய கோல்ஷ் வெறும் தண்ணீராகத்தான் தெரியும், அது கோல்ஷின் குற்றமல்ல.

ருசித்ததைச் சொல்ல வார்த்தையே வரவில்லையே?

ஆங்கிலச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதால்தான் வருவதில்லை என்பது என் எண்ணம். நம்மிடம் அறுசுவை இருக்கிறது. துவர்ப்பு என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகம் வறுத்த ஸ்டவுட்டும், மரப்பீப்பாயில் கிடந்த பியரும் நாக்கை இழுத்துப் பிடிப்பதை அது ஒரே அடியில் சொல்லிவிடுகிறது. துவர்ப்பையும் கசப்பையும் பிரித்துச் சொல்லத் திணறும் ஆங்கிலக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தக் குழப்பம் சிறுவயதிலேயே தீர்ந்துவிட்டது.

மணத்துக்கும் அப்படித்தான். புழுக்கம், முடை, காந்தல், நெடி, கமறல் எல்லாம் நம் வாயில் புழங்கும் சொற்கள். கருக வறுத்த மால்ட்டின் மணத்தைக் காந்தல் என்று எழுதிய நாளிலிருந்து என் குறிப்புகள் எனக்கே புரியத் தொடங்கின.

லேபிளில் ஐபியு என்று ஓர் எண் இருக்கிறதே?

ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்புப் பொருள் இருக்கிறது என்பதன் தோராயம். 60 ஐபியு உள்ள இம்பீரியல் ஸ்டவுட், 35 உள்ள பில்ஸ்னரைவிட இனிப்பாகத் தோன்றலாம், ஏனென்றால் மால்ட்டின் இனிப்பு கசப்பை மறைக்கும். இந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

பியர் கெட்டிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் ஆக்சிஜன் புகுந்து பழசாகிவிட்டது. வெண்ணெய் மணத்தால், நொதிக்கும்போது உண்டாகும் டையசெட்டில் என்ற சேர்மம் மிஞ்சியிருப்பது தெரியும். ஈஸ்ட்டுக்கு அதைத் திரும்ப உறிஞ்ச அவகாசம் தராமல் அவசரப்பட்டிருப்பார்கள். ஆங்கிலேய ஏல்கள் சிலவற்றில் லேசாக இருந்தால் ஏற்பார்கள், லாகரில் பெரும்பாலும் குறைதான். வெந்த மக்காச்சோள வாசம் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம், பச்சை ஆப்பிள் வாசம் முதிராத பியர்.

வெளிச்சத்தால் வரும் கேடு தனி. சூரியஒளி ஹாப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைத்து, ஸ்கங்க் பிராணி பீய்ச்சும் நாற்றத்துக்கு நெருங்கிய கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும். நிறமற்ற கண்ணாடியில் நேர்வெயில் பட்டால் சில நிமிடமே போதும். பச்சைப் புட்டியும் அதிகம் காக்காது. பழுப்புப் புட்டி பெருமளவு தடுக்கும், கேன் முழுவதும் தடுக்கும். கேனில் வருவது மட்டமானது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உள்ளே பூச்சு இருப்பதால் உலோகச் சுவையும் வராது.

வாங்கி எவ்வளவு நாள் வைக்கலாம்?

ஐபிஏவை வைக்கவே வைக்காதீர்கள். அடைத்த தேதியிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள், குளிரிலேயே வைத்துக் குடியுங்கள். அதன் உயிரே ஹாப்ஸ் மணம், முதலில் போவதும் அதுதான். பார்லி ஒயின் என்ற வலுவான ஏல், இம்பீரியல் ஸ்டவுட், குஸ் போன்றவற்றை இருட்டான குளிர்ந்த இடத்தில், நிமிர்த்தி வைத்து ஆண்டுக்கணக்கில் முதிரவிடலாம். ஓர்வால் மடத்துப் பியரில் அடைக்கும்போதே பிரெட்டனோமைசிஸ் சேர்ப்பதால், மாதத்துக்கு மாதம் சுவை மாறும். இளசு ஒன்றையும் ஒரு வருடத்தது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

ஒரே அமர்வில் எத்தனை?

நாலைந்து வகை, ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்குள். அதற்குமேல் மூக்கும் நாக்கும் சோர்ந்துவிடும், எழுதும் குறிப்பும் பொய்யாகும். கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: 330 மில்லிலிட்டர் பியர் 5 சதவீதமானால் அதில் தூய ஆல்கஹால் 16.5 மில்லிலிட்டர், 10 சதவீதமானால் 33. ஒரு புட்டி என்பது எப்போதும் ஒரே அளவல்ல. இடையிடையே தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். ருசித்த பிறகு வண்டியைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும், மருந்து எடுப்பவர்களில் மருத்துவர் தடுத்தவர்களும், குடியை விட்டவர்களும் இதில் இறங்கவே வேண்டாம்.

நான் தேறியிருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரிடம் கொடுத்து, இரண்டில் ஒரே பியரையும் மூன்றாவதில் அதற்கு நெருங்கிய வேறொன்றையும் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்கக் கூடாது. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆலைகளின் சுவைக்குழுக்கள் செய்யும் அதே சோதனைதான். பில்ஸ்னரையும் கோல்ஷையும் வைத்து நான் முதலில் செய்தபோது ஐந்து தடவையில் இரண்டு தடவைதான் சரியாகச் சொன்னேன். சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே அவ்வளவு வந்திருக்கும். ஆறு மாதம் கழித்து ஐந்தும் சரி. பார்க்கும் முன்பே மூக்கு சொல்லிவிட்டது.